மிஸ் அக்னியூ ஏறாத பீடம்

வின்ஸ்லோ என்றால் தமிழ் படித்தவர்களுக்கு அகராதிதான் ஞாபகம் வரும். 1862இல் வெளிவந்த அந்தப் பெரிய தமிழ்-ஆங்கில அகராதியால் அமெரிக்க மிஷனரி மைரன் வின்ஸ்லோவின் பெயர் நிலைத்துவிட்டது. அவருடைய மனைவி ஹரியற்றை யாழ்ப்பாணத்து உடுவில் பள்ளிக்கூடத்தில் படித்த எங்களைக் கேட்டால்தான் தெரியும். 1824இல் பெண்பிள்ளைகளுக்கென்று அங்கே விடுதிப் பள்ளிக்கூடம் தொடங்கியது அவர்தான். 1833இல், 36 வயதில், யாழ்ப்பாணத்து மண்ணிலேயே இறந்துபோனார்.

மழைக் கதை நம் எல்லாருக்கும் பாடம். மிஷன் வளவுக்குள் விளையாட வந்த இரண்டு சிறுமிகள் மழையில் அகப்பட்டு வீட்டுக்குப் போக முடியாமல் நிற்கிறார்கள். பசியில் அழுகிறார்கள். வின்ஸ்லோ அம்மா பாணும் வாழைப்பழமும் கொடுக்கிறார். மூத்தவள் தொடவில்லை, இளையவள் சாப்பிட்டுவிட்டாள். தேடி வந்த பெற்றோருக்குக் கோபமென்றால் கோபம். வெள்ளைக்காரர் வீட்டில் சாப்பிட்டவளை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்று விட்டுவிட்டுப் போகிறார்கள். பிறகு அவள் எழுத்துப் படித்து வாசிக்கிறதைக் கண்ட பிறகுதான் மற்றவர்களுக்கும் ஆசை வந்ததாம். எங்களுக்கு இதைச் சொன்ன விடுதி அக்காமார் மழை, இடி எல்லாம் கூட்டித்தான் சொல்வார்கள். பாணுக்கு நாங்கள் அடிபட்ட காலத்தில் அந்த மூத்தவளை எங்களுக்கு விளங்கவேயில்லை.

பழைய மாணவிகள் சங்க மலருக்கு எழுதும்போது மிஷனரிமாரைப் புகழ்ந்துவிட்டுப் போவது வழக்கம். ஆனால் கணக்கை முழுதாகப் பார்க்க வேண்டும். 1823இல் வட்டுக்கோட்டையில் பொடியன்களுக்கு செமினரி தொடங்கியாகிவிட்டது. படித்து ஞானஸ்நானம் எடுத்த பொடியன்கள் சைவ வீட்டில் பெண் எடுத்தால் திரும்பப் போய்விடுவார்களோ என்ற பயம் மிஷனுக்கு இருந்தது. ஆகவே கிறிஸ்தவ மனைவிமார் தேவைப்பட்டார்கள். படிப்பை முடித்து, மிஷனுக்குச் சம்மதமான இடத்தில் கலியாணம் செய்கிற பிள்ளைக்கு மிஷனே சீதனமும் கொடுத்தது. சீதனம் கொடுத்த பள்ளிக்கூடத்தைக் கேள்விப்பட்டிருக்கிறீர்களா? எங்கள் ஊரில் எதையும் அது இல்லாமல் தொடங்க முடியாது என்று அமெரிக்கர்களுக்கும் விளங்கியிருக்கிறது. ஆக, பெண்பிள்ளையைப் பெண்பிள்ளைக்காகப் படிப்பித்தார்கள் என்று சொல்ல முடியாது. ஆனால் எழுத்துத் தெரிந்த பிள்ளை மிஷன் நினைத்த இடத்தோடு நிற்குமா?

1840இல் அமெரிக்காவிலிருந்து வந்த எலைசா அக்னியூ 1879 வரை பள்ளிக்கூடத்தைப் பார்த்தார். கலியாணம் செய்யவில்லை, ஒருமுறைகூட அமெரிக்கா திரும்பவில்லை. 1883இல் மானிப்பாயில் கண்ணை மூடினார். ஆயிரம் மகள்மாரின் தாய் என்று பெயர். பழைய மாணவிகளின் பிள்ளைகளையும் பேரப்பிள்ளைகளையும்கூடப் படிப்பித்தவர். அவரிடம் படித்தவர்களில் அறுநூறுக்கு மேற்பட்டோர் திருச்சபையில் சேர்ந்ததாக மிஷன் பெருமையோடு எழுதிவைத்தது. ஆனால் அந்த அறுநூறு பேரில் ஒருத்திக்காவது ஞானஸ்நானம் கொடுக்கவோ திருவிருந்து பரிமாறவோ அவருக்கு உரிமை இருக்கவில்லை. அதற்கு ஒரு ஐயர், அதாவது ஆண் போதகர், வர வேண்டும். மிஸ் அக்னியூ உடுவிலில் இருந்த காலத்திலேயே, 1853இல், நியூயோர்க் மாநிலத்தில் அன்ரனெற் பிரவுண் என்ற பெண்ணை ஒவ்வொரு சபையும் தன்னைத்தானே நடத்துகிற கொங்கிரிகேஷனல் மரபைச் சேர்ந்த ஒரு சபை போதகராக அபிஷேகம் செய்தது. அமெரிக்கன் மிஷனில் பெரும்பாலானோர் அதே கொங்கிரிகேஷனல் மரபினர்தான். அந்தச் சேதி உடுவிலுக்கு வந்து சேர்ந்ததோ, வந்திருந்தால் மிஸ் அக்னியூ என்ன நினைத்திருப்பாரோ!

நான் படித்த எழுபதுகளிலும் இந்த இரட்டைக் கணக்குத்தான். பள்ளிக்கூடத்துக்குள்ளே எல்லாம் பெண்கள். 1941இல் திருமதி பரமசாமி அதிபரானதிலிருந்து தமிழ்ப் பெண்களே தலைமை. காலைப் பிரார்த்தனையில் வேதம் வாசித்து விளக்கம் சொல்வது ஒரு ரீச்சர். விடுதியில் மாலை ஜெபம் முறை வைத்து எங்களிடமே வரும். சின்னப் பிள்ளையின் முறை வந்தால் முகம் தெரிவதற்காக ஒரு மரப்பெட்டியைக் கவிழ்த்துப் போடுவோம். சைவப் பிள்ளைகளுக்கும் விதிவிலக்கு இல்லை. ஒருநாள் பெட்டியில் ஏறிய ஒரு குட்டி, “ஆண்டவரே, கந்தசஷ்டி விரதம் பிடிக்கிற என்ர அம்மாவுக்குப் பெலன் குடும்” என்று ஜெபித்தது. மேட்ரன் உட்பட எல்லாரும் “ஆமென்” சொன்னோம்.

ஞாயிற்றுக்கிழமை ஆலயத்துக்குப் போனால் அதே நாங்கள் வரிசையாக உட்கார்ந்து ஆண்கள் சொல்வதைக் கேட்டோம். பூ வைப்பது, பாட்டு, பின்னேரத்துத் தேநீர் எல்லாம் பெண்கள் கையில். பீடம் மட்டும் இல்லை.

எங்களுக்கு வேதபாடம் எடுத்த ரீச்சருக்கு இது சரிவரவில்லை என்று நினைக்கிறேன். வாய்விட்டுச் சொன்னதில்லை. லூக்கா 8ஆம் அதிகாரத்தில், இயேசுவோடு ஊர் ஊராகப் போய்த் தங்கள் ஆஸ்தியால் உதவிய பெண்களில் ஏரோதுவின் காரியக்காரன் கூசாவின் மனைவி யோவன்னாளும் ஒருத்தி. அந்த இடம் வந்ததும் புத்தகத்தை மூடிவிட்டு, “பிள்ளையள், புருஷன் ஏரோதிட்டச் சம்பளம் வாங்கிறான். பெண்சாதி அந்தக் காசில ஆண்டவருக்குச் சாப்பாடு போடுறாள். கூசாவுக்குத் தெரியுமோ தெரியாதோ” என்றார். வகுப்பே சிரித்தது. சபையிலே பெண்கள் பேசாமலிருக்க வேண்டும் என்று பவுல் கொரிந்தியருக்கு எழுதினாரே என்று ஒருத்தி கேட்டபோது பதில் சொல்லவில்லை. ரோமர் 16ஆம் அதிகாரத்தில் எத்தனை பெண்கள் என்று எண்ணிக்கொண்டு வா என்றார். கெங்கிரேயா சபையின் ஊழியக்காரி பெபேயாள், பிரிஸ்கில்லாள், மரியாள், யூனியா, திரிபேனாள், திரிபோசாள், பெர்சியாள், ரூப்பின் தாய், யூலியாள், நேரேயாவின் சகோதரி. பத்துப் பேர். “பேசாமலே இவ்வளவு வேலையும் செய்தினம் போல” என்றுவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விட்டார்.

அந்தப் பிரிஸ்கில்லாளும் புருஷனும்தான் அப்பொல்லோ என்ற பெரிய பேச்சாளனை வீட்டுக்குக் கூட்டிப்போய் அவனுக்குத் தெரியாததை விளங்கப்படுத்தினார்கள். உயிர்த்தெழுந்த செய்தியைச் சீஷர்களிடம் கொண்டுபோனவள் மகதலேனா மரியாள். இதெல்லாம் புத்தகத்திலேயே கிடக்கிறது, யாரும் புதிதாகக் கண்டுபிடித்துச் சேர்க்கவில்லை.

அப்புறம் காலம் மாறத்தான் செய்தது. யாழ்ப்பாண ஆதீனமும் (எங்கள் மறைமாவட்டம்) சேர்ந்திருக்கிற தென்னிந்தியத் திருச்சபை பெண்களைக் குருவாக அபிஷேகம் செய்வதை எழுபதுகளிலேயே தொடங்கிவிட்டது. 2013இல் நந்தியாலில் புஷ்பலலிதா அதன் முதல் பெண் பேராயரானார். இங்கிலாந்துத் திருச்சபை பெண்களைக் குருவாக்கத் தொடங்கியது தென்னிந்தியாவுக்கும் பிந்தி, 1994இல் பிரிஸ்டலில் 32 பெண்களோடு. அங்கே முதல் பெண் பேராயர் 2015இல்தான். கத்தோலிக்கத்தில் கதவு இன்னும் பூட்டு. கொன்வென்ரில் படித்த என் சிநேகிதி இந்தக் கதை எடுத்தாலே, எங்களிடம் மாதாவாவது இருக்கிறா, உங்களிடம் யார் என்று மடக்குவாள். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

2025 ஒக்ரோபரில் இங்கிலாந்துத் திருச்சபையின் தலைமைப் பதவியான கன்ரபரிப் பேராயராக சாரா முலாலி அறிவிக்கப்பட்டபோது எங்கள் லண்டன் வட்சப் குழு ஒரே அமளி. அவர் முன்பு நேர்ஸாக இருந்தவர், எங்கள் குழுவிலும் பாதிப்பேர் நேர்ஸ்மார். “எங்கட ஆள்” என்று ஒரு அக்கா போட்டார். உடனே இன்னொருவர் பவுலின் வசனத்தைப் போட்டார். நான் ரோமர் 16ஐப் போட்டேன்.

இவ்வளவும் எழுதியது ஒரு சின்ன விசயத்துக்காக. எங்கள் சங்கத்தின் நன்றி ஆராதனைகளில் நான் போனதெல்லாவற்றிலும் பிரசங்கியார் ஆண்தான். மண்டபம் பிடித்தது, றோல்ஸ் சுட்டது, கணக்குப் பார்த்தது எல்லாம் பழைய மாணவிகள். அடுத்தமுறை ஆள் தேடும்போது செயற்குழு என்னையும் ஒருக்காக் கேட்கட்டும். குருவாக அபிஷேகம் பெற்ற, தமிழில் பிரசங்கிக்கிற பெண்கள் சிலரின் தொலைபேசி இலக்கம் என்னிடம் இருக்கிறது.