எல்டர்ஃப்ளவர் அடக்கி வாசிக்கட்டும்

பர்பன் என்ற அமெரிக்க விஸ்கிக்குப் பேர்போன லூயிவில்லுக்குக் குடிவந்த பிறகு, யார் விருந்துக்கு வந்தாலும் “பர்பன் ஊரில் இருக்கிறாய், ஏதாவது கலந்து கொடேன்” என்று கேட்பது வழக்கமாகிவிட்டது. நான் கொடுப்பது ஒன்றே ஒன்றுதான்: பர்பன், எலுமிச்சை, எல்டர்ஃப்ளவர் லிக்கர் (எல்டர் புதரின் பூ வாசம் ஏற்றிய இனிப்பு மது). இந்தக் கூட்டணி இந்த ஊர் பார்களில் ஏதாவது ஒரு பெயரில் கிடைக்கும். ஆனால் பல இடங்களில் முதல் வாயிலேயே பூ வாசம் தூக்கலாக வரும், மூன்றாவது வாயில் திகட்டிவிடும். பர்பன் எங்கே போனது என்று தேட வேண்டியிருக்கும்.

திகட்டுவதற்குக் காரணம் இருக்கிறது. எல்டர்ஃப்ளவர் லிக்கரைத் தனியாக நாக்கில் வைத்தால் நல்ல இனிப்பு. அதனால் சர்க்கரைப் பாகுக்குப் பதில் இதையே ஊற்றினால் போதும் என்று தோன்றும். ஆனால் சம அளவு சர்க்கரையும் தண்ணீரும் சேர்த்துக் காய்ச்சிய பாகில் இருக்கும் சர்க்கரையில் பாதிகூட இதில் கிடையாது. எலுமிச்சைப் புளிப்பை இது ஒன்றே சமாளிக்காது. புளிக்கிறதே என்று இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று ஊற்றுவோம். இனிப்பு சரியாகி வருவதற்குள் பூ வாசம் கோப்பையையே பிடித்துக்கொள்ளும். இன்னொரு பக்கம், முழுதாகத் தயாரான விஸ்கி சவரின் (விஸ்கி, எலுமிச்சை, சர்க்கரைப் பாகு கலந்தது) தலையில் வாசத்துக்காக இதை ஊற்றுகிறவர்களும் உண்டு. அங்கே இனிப்பு கூடிப்போகும்.

ஆகவே லிக்கரை வாசத்துக்கு மட்டும் வைத்துக்கொண்டு, இனிப்புக்கு வேறு ஆள் பிடிக்க வேண்டும். லிக்கரில் இருக்கும் சர்க்கரையையும் கணக்கில் எழுதிக்கொண்டு, மிச்சத்தைத் தேன் பார்த்துக்கொள்ளட்டும். என் அளவு இது: பர்பன் 60 மி.லி., எலுமிச்சைச் சாறு 20, எல்டர்ஃப்ளவர் லிக்கர் 20, தேன் பாகு 10. தேன் பாகு என்றால் ஒரு பங்கு தேனில் ஒரு பங்கு வெந்நீர் விட்டுக் கலக்கி ஆறவைத்தது, அவ்வளவுதான். தேனை அப்படியே விட்டால் ஐஸ் பட்டதும் இறுகி, குலுக்கும் குவளையான ஷேக்கரின் அடியில் ஒட்டிக்கொள்ளும்.

தேன் என் கண்டுபிடிப்பு அல்ல. பர்பன், எலுமிச்சை, தேன் மூன்றும் சேர்ந்தால் கோல்ட் ரஷ் என்ற காக்டெயில். நியூயார்க்கில் சாஷா பெட்ராஸ்கி நடத்திய மில்க் அண்ட் ஹனி பாரில் பிறந்தது. அதில் பாதித் தேனை எடுத்துவிட்டுப் பூவை உள்ளே விட்டதுதான் நான் செய்வது.

பர்பன் எது என்பதில் நான் கொஞ்சம் பிடிவாதக்காரி. சட்டப்படி அதன் தானியக் கலவையில் 51 சதவீதமாவது சோளம் இருக்க வேண்டும்; உட்புறம் கருக்கிய புது ஓக் பீப்பாயில் ஊற வேண்டும். அந்தக் கருக்கல்தான் பெரிய விஷயம். எங்கள் பக்கத்து வீட்டுக்காரர் பீப்பாய்ப் பட்டறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஒருமுறை பழைய பீப்பாய்ப் பலகைத் துண்டு ஒன்றைக் கொண்டுவந்து காட்டினார். உள்பக்கம் முதலைத் தோலாய்ப் பாளம் பாளமாக வெடித்துக் கருத்திருந்தது. அந்த அளவுக்குக் கருக்க, நெருப்பு ஒரு நிமிடம்கூட வேண்டாமாம். பலகையின் வெட்டுப் பக்கத்தைப் பார்த்தால் கரிக்கு அடியில் மெல்லிய செம்பழுப்புக் கோடு ஒன்று ஓடுகிறது. சாராயம் உள்ளே இறங்கித் திரும்பிய தடம் அது. மரம் சூட்டில் சிதைந்துதான் வனிலா வாசமும் கருகிய சர்க்கரை வாசமும் வருகின்றன. அதாவது, பர்பன் கோப்பைக்குள் வரும்போதே இனிப்பு வாசத்தோடுதான் வருகிறது. ஜின்னுக்குச் சரியாக இருக்கும் பூவின் அளவு இங்கே கூடுதலாகத் தெரிவது இதனால்தான்.

நான் எடுப்பது ‘பாட்டில்ட் இன் பாண்ட்’ என்று லேபிளில் போட்டிருக்கும் வகை. 1897-இல் கொண்டுவந்த சட்டத்தின் பெயர் அது: ஒரே வடிசாலை, ஒரே பருவம், குறைந்தது நான்கு வருடம் பீப்பாயில், பாட்டிலில் 50 சதவீத ஆல்கஹால். மற்றவை 40 சதவீதத்திலேயே வரலாம். ஐஸ் உருகி 40 மி.லி. தண்ணீர் சேர்கிறது என்று வைத்துக்கொண்டால், 40 சதவீத பர்பனில் செய்தது கோப்பையில் சுமார் 19 சதவீதமாக நிற்கும், 50-இல் செய்தது 23-க்குப் பக்கத்தில். கேட்க அற்ப வித்தியாசம். ஆனால் பூ, தேன், புளிப்பு மூன்றையும் தாண்டி ஓக் மரம் நாக்குக்கு வந்து சேருவது இரண்டாவதில்தான். ரை தானியம் கொஞ்சம் தூக்கலாக உள்ள பர்பனாக இருந்தால் இன்னும் நல்லது. அந்த மிளகுக் காரம் பூவை அதட்டி வைக்கும். கோதுமை சேர்த்த மேக்கர்ஸ் மார்க் மாதிரியானவை சாதுவானவை. தனியாகக் குடிக்க எனக்குப் பிடிக்கும், இதில் ஊற்ற மாட்டேன்.

லிக்கருக்கு நான் வாங்குவது செயின்ட் ஜெர்மெய்ன். பார்க்கப் பழங்கால பிரெஞ்சுச் சரக்கு மாதிரி பாட்டில் இருக்கும். உண்மையில் ராபர்ட் கூப்பர் என்ற அமெரிக்கர் 2007-இல் சந்தைக்குக் கொண்டுவந்தது. அடுத்த சில வருடங்களில் இதை ஊற்றாத காக்டெயிலே இல்லை என்கிற நிலை வந்து, பார்க்காரர்களே இதை ‘பார்டெண்டரின் கெட்சப்’ என்று கேலி செய்ய ஆரம்பித்தார்கள். கேலி நியாயமானதுதான். 20 சதவீத ஆல்கஹால்தான் என்பதால் திறந்த பாட்டிலை ஃப்ரிட்ஜில் வைத்துவிடுகிறேன். வெளியே கிடந்தால் பூ வாசம் மெல்ல மங்கிவிடும்.

எலுமிச்சை என்று நான் சொல்வது இங்குள்ள பெரிய மஞ்சள் லெமன். நம் ஊரில் கிடைக்கும் சின்ன எலுமிச்சை லைம் வகை. புளிப்பில் பெரிய வேறுபாடு இல்லை, இரண்டும் ஏறக்குறைய 6 சதவீத அமிலம். வாசம்தான் வேறு, லைம் வாசம் பர்பனின் வனிலாவோடு மல்லுக்கு நிற்கிறது. கிரேப்ஃப்ரூட் இதற்கு நன்றாகச் சேரும். ஆனால் அதில் அமிலம் 2 சதவீதம் அளவுக்குத்தான், லெமனுக்குப் பதில் அதே 20 மி.லி. ஊற்றினால் சப்பென்று இருக்கும். கிரேப்ஃப்ரூட் 30, லெமன் 10 என்று பிரித்துக்கொள்ளுங்கள்.

கலக்குவதில் ரகசியம் எதுவும் இல்லை. ஷேக்கர் நிறையப் பெரிய ஐஸ் கட்டிகள், பன்னிரண்டு விநாடி பலமாகக் குலுக்கல். வெளிப்பக்கம் பனி பூத்து, பிடித்த விரல்கள் வலிக்க ஆரம்பித்தால் நிறுத்தலாம். சின்ன வலை வடிகட்டியில் ஊற்றினால் ஐஸ் துணுக்குகள் விழாது. அப்புறம் லெமன் தோலில் ஒரு விரல் அகலத்துக்கு ஒரு பட்டை சீவி, மஞ்சள் பக்கம் கோப்பையைப் பார்க்கும்படி பிடித்து மடக்குங்கள். விளக்கு வெளிச்சத்தில் பார்த்தால் எண்ணெய் பொடிச் சாரலாகத் தெறிப்பது தெரியும். இதை மட்டும் விடாதீர்கள். மூக்குக்கு முதலில் லெமன் வர வேண்டும், பூ இரண்டாவதாக.

ஜூனில் இங்கே சாலையோரப் புதர்களில் எல்டர் தட்டுத் தட்டாகப் பூத்துக் கிடக்கும். அதைப் பறித்துச் சர்க்கரைப் பாகில் ஊறவைத்து வீட்டிலேயே கார்டியல் செய்கிறவர்கள் உண்டு, நானும் செய்திருக்கிறேன். பூ மட்டும்தான் வேண்டும். இலை, தண்டு, காய் எல்லாம் நச்சு. வெள்ளைப் பூங்கொத்தெல்லாம் எல்டர் என்று நினைத்துவிடவும் கூடாது. ஈரமான பள்ளங்களில் பூக்கும் வாட்டர் ஹெம்லாக் ஆளைக் கொல்லும் விஷம். தெரிந்தவர் கூட இல்லாமல் பறிக்கப் போகாதீர்கள். கார்டியலில் ஆல்கஹால் கிடையாது, சர்க்கரை ஏராளம். அதனால் 15 மி.லி. விட்டுத் தேன் பாகை அறவே நிறுத்திவிடுகிறேன்.

குடிக்காத என் கணவருக்கு அந்தக் கார்டியல், லெமன், சோடா. வந்தவர்களில் யாராவது இனிப்பு போதவில்லை என்றால் லிக்கர் பாட்டில் பக்கம் கையை நீட்டாமல் அரை ஸ்பூன் தேன் பாகு விடுங்கள். புளிப்பு போதவில்லை என்றால் லெமன். மீந்த சாற்றை அடுத்த நாள் காக்டெயிலுக்கு எடுத்து வைக்க வேண்டாம், ஒரே இரவில் சோர்ந்துவிடும். எங்கள் வீட்டில் அது காலையில் எலுமிச்சை சாதத்துக்குப் போய்விடுகிறது.