பிளாக் ஆனா ஆனதுதான்: மேஜிக்கில் நான் வாங்கிய அடிகள்

மேஜிக்: த கேதரிங் என்ற கார்டு விளையாட்டை ஆட எனக்குச் சொல்லிக்கொடுத்தது அண்ணன் மகன். கார்டில் இருக்கும் பொடி எழுத்தைப் படிப்பதுதான் கஷ்டமாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். ஆனால் என்னைப் படுத்தி எடுத்தது, ‘அட்டாக்’ என்று சொன்ன பிறகு நடக்கிற சங்கதிகள்தான்.

அதற்கு முன் யு-கி-ஓ என்ற இன்னொரு கார்டு விளையாட்டைக் கொஞ்சம் ஆடியிருக்கிறேன். அதில் எதிராளியின் எந்த மான்ஸ்டரை அடிப்பது என்று நாமே கைகாட்டலாம். அதே பழக்கத்தில், “என் 3/3 உன் 1/1-ஐ அடிக்குது” என்றேன். (முதல் எண் அடிக்கும் பலம், இரண்டாவது தாங்கும் பலம்.)

“இல்ல சித்தப்பா, நீங்க என்னைத்தான் அடிக்கணும். குறுக்க யார் வர்றாங்கன்னு நான்தான் சொல்வேன்.”

பிளேன்ஸ்வாக்கர் என்ற வகைக் கார்டு இருந்தால் அதைக் குறிவைக்கலாம். கிரீச்சரை, அதாவது சண்டை போடும் கார்டை, குறிவைக்க முடியாது. சரி, அப்படியானால் எல்லாரும் கிளம்புங்கள் என்று கையிலிருந்த படையை மொத்தமாக அனுப்பினேன். அட்டாக் போன கார்டுகள் டேப் ஆகிப் படுத்துவிடும், டேப் ஆனது தடுக்க வராது என்பது அவன் டர்ன் வந்தபோதுதான் உறைத்தது. விஜிலன்ஸ் என்று எழுதியிருக்கும் கார்டுகளுக்கு மட்டும் விலக்கு. 20 லைஃபில் பாதி அங்கேயே போயிற்று.

அதைவிடப் பெரிய அடி அடுத்த ஆட்டத்தில். என் 5/5 பாய்ந்தது, அவன் ஒரு 1/1-ஐக் குறுக்கே விட்டான். நான் சிரித்துக்கொண்டே டேமேஜ் கொடுக்கும் லைட்னிங் போல்ட் கார்டைப் போட்டு அந்த 1/1-ஐக் கொன்றேன். வழி திறந்தாயிற்று, 5 லைஃபைக் குறை என்றேன். அவன் லைஃப் டைஸைத் தொடவே இல்லை. “பிளாக் ஆனா ஆனதுதான் சித்தப்பா. தடுத்தவன் செத்தாலும் உங்க 5/5 பிளாக் ஆன கிரீச்சர்தான்.” டிராம்பிள் (தடுத்தவனுக்குப் போக மிஞ்சும் டேமேஜை ஆள் மேல் இறக்கும் திறன்) இருந்திருந்தால் ஐந்தும் அவன் மேலேயே விழுந்திருக்கும். இல்லை. ஒரு நல்ல கார்டு வீண்.

அன்றைக்குத்தான் பிடிபட்டது: தடுப்பைச் சொல்வது ஒரு கட்டம், டேமேஜ் விழுவது வேறு கட்டம். இரண்டுக்கும் நடுவில் இருவருமே கார்டு போடலாம். மேஜிக் சண்டையின் சூட்சுமமெல்லாம் அந்த இடைவெளியில்தான் இருக்கிறது.

இரட்டைத் தடுப்பு அதற்கு நல்ல உதாரணம். என் 4/4-ஐ அவன் இரண்டு 2/2 வைத்துத் தடுத்தான். டேமேஜ் ஒரே நேரத்தில் விழும் என்பதால், நான் ஆளுக்கு 2 பிரித்துக் கொடுத்தால் மூன்றும் சாகும், எனக்கு லாபம். உடனே அவன் ஒரு 2/2 மேல் பலம் கூட்டும் ஜெயன்ட் குரோத் கார்டைப் போட்டான். அது அந்த டர்ன் முடியும்வரை 5/5. நான் படித்து வைத்திருந்ததோ பழைய விதி: தடுத்தவர்களை முதலிலேயே வரிசைப்படுத்த வேண்டும், முதல் ஆள் சாகும் அளவு கொடுக்காமல் அடுத்தவனைத் தொட முடியாது. நான் முதலில் சொன்னது, பாழாய்ப்போக, வளர்ந்துவிட்ட அவனைத்தான். நாலும் அவனுக்கே, எதிரே யாரும் சாகப் போவதில்லை என்று உதட்டைப் பிதுக்கினேன். பையன் நேர்மையானவன். “அந்த வரிசை ரூல் இப்ப இல்ல. 2024 நவம்பர்ல ஃபவுண்டேஷன்ஸ்ங்கிற கார்டு செட் வந்தப்பவே எடுத்துட்டாங்க. டேமேஜ் நேரத்துல இஷ்டப்படி பிரிச்சுக்கலாம்.” இன்னொரு 2/2-ஐயாவது கூட்டிக்கொண்டு என் 4/4 போய்ச் சேர்ந்தது.

டிராம்பிள் கணக்கு சுலபம். 6/6 டிராம்பிளை 3/3 தடுத்தால், அதற்கு 3 கொடுத்துவிட்டு மீதி 3 ஆள் மேல். கூடவே டெத்டச் இருந்தால் 1 கொடுத்தாலே சாவுக்குப் போதும், 5 ஆள் மேல் இறங்கும். இந்தக் கூட்டணி கொஞ்சம் அநியாயம்தான். ஃபர்ஸ்ட் ஸ்ட்ரைக் உள்ளவன் முந்தி அடிப்பான். அந்த அடியில் செத்தவன் திருப்பி அடிக்க மாட்டான். பிழைத்த கிரீச்சர் மேல் விழுந்த டேமேஜ் டர்ன் முடிவில் அழிந்துவிடும். நான் அடையாளத்துக்கு வைத்த டைஸை அடுத்த டர்னிலும் எடுக்காமல் என் கிரீச்சரையே நோயாளியாக வைத்திருந்த கதையும் உண்டு.

போன வாரம் நான் ஆடியது நீல டெக் (கார்டுக் கட்டு). எனக்கு 2 லைஃப், என் பக்கம் ஒரே ஒரு 1/1. அவனுடைய 5/5 வந்தது. 1/1-ஐக் குறுக்கே விட்டேன். டேமேஜ் விழுவதற்கு முன் அன்சம்மன் என்ற கார்டைப் போட்டு அதை என் கைக்கே எடுத்துக்கொண்டேன். 5/5 பிளாக் ஆன நிலையில் அடிக்க ஆள் இல்லாமல் நின்றது. கார்டும் பிழைத்தது, நானும் பிழைத்தேன்.

“நானே சொல்லிக்குடுத்து...” என்று முனகினான்.

என் டர்னில் அந்த 1/1-ஐத் திரும்ப இறக்கினேன். அவன் டர்னில் இரண்டு கிரீச்சர்களை அனுப்பினான். ஒருவன் ஒருவனைத்தான் தடுக்க முடியும்.