பதினெட்டில் மூன்று

முடியாது என்று அந்த அக்காவிடம் சொன்னது சரிதான் என்று இன்றும் நினைக்கிறேன். ஆனால் அதற்கு அவர் கேட்ட கேள்விக்கு என்னிடம் இன்னும் பதில் இல்லை.

அக்காவுடையது ஒரு ஜெர்சி கலப்பு மாடு. வலது பின்காம்பில் மடிநோய். காரணம் ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ் என்ற பாக்டீரியா. ஆன்டிபயாடிக் ஏற்றியும் பார்த்தாகிவிட்டது. ஏற்றிய நாட்களின் பாலைச் சங்கத்துக்கு ஊற்றக் கூடாது என்பதால் அதுவும் நட்டம். சரியான மாதிரி இருக்கும், அப்புறம் ஒருநாள் பீய்ச்சுகிற முதல் சொட்டுகளிலேயே திரி திரியாக விழும். இந்தக் கிருமியின் குணம் அது. மடிக்குள் சின்னச் சின்னக் கட்டிகளில் பதுங்கும், மாட்டின் வெள்ளணுக்களுக்கு உள்ளேயே உயிரோடு இருக்கும். மருந்து அங்கே சரியாகப் போய்ச் சேர்வதில்லை.

அந்த மாட்டுப் பாலிலிருந்து பிரித்த கிருமியைத் தட்டில் வளர்த்து, தொழுவச் சாக்கடையிலிருந்து எடுத்த ஃபேஜை அதன்மேல் விட்டிருந்தோம். பாக்டீரியாவுக்குள் புகுந்து பெருகி, அதை உடைத்துக்கொண்டு வெளியே வரும் வைரஸ்தான் ஃபேஜ். மறுநாள் பார்த்தால், தட்டு முழுக்க வெள்ளையாகப் படர்ந்திருந்த கிருமியின் நடுவே குண்டூசித் தலை அளவில் தெளிந்த வட்டங்கள். வட்டத்துக்குள் ஒன்றுமே இல்லை, அடியிலிருக்கும் மேசை தெரிந்தது. போனில் படம் எடுத்து அடுத்த முறை போனபோது அக்காவிடம் காட்டினேன். பால் கொடுத்தவருக்கு அதைப் பார்க்கிற உரிமை உண்டு என்று நினைத்தேன், இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன்.

"அப்போ அதுல கொஞ்சம் எங்க மாட்டுக்கு ஏத்தி உடுங்க, டாக்டரம்மா" என்றார்.

நெறிமுறைக் குழுவின் அனுமதி இல்லாமல் மாட்டுக்குள் எதையும் ஏற்ற முடியாது என்றேன். அது மட்டும் சொன்னால் ஆபீஸ் பதிலாகப் போய்விடும் என்று கனடா கதையையும் சொன்னேன். குயெல்ஃப் நகரத்து ஆய்வாளர்கள் 2006-இல் வெளியிட்டது. வெளியே அறிகுறி தெரியாமல் இதே கிருமி இருந்த கறவை மாடுகளின் மடியில், ஃபேஜ் கே என்ற வைரஸை ஐந்து நாள் தொடர்ந்து ஏற்றினார்கள். ஒவ்வொரு முறையும் பத்தாயிரம் கோடிக்கு மேற்பட்ட வைரஸ்கள். 18 காம்புகளில் குணமானது 3. தட்டில் வெளுத்து வாங்குகிற வைரஸ் மடிக்குள் தடுமாறுவதற்கு ஒரு காரணம் பாலேதான். அதன் மோர்ப் புரதங்கள் கிருமியின் மேல் ஒட்டிக்கொண்டு, ஃபேஜ் பிடிக்க வேண்டிய இடத்தை மறைத்துவிடுகின்றன. அதே ஆய்வில் நோயில்லாத மடியில் ஏற்றிப் பார்த்தபோது பாலில் செல் எண்ணிக்கை, அதாவது மடி புண்படுவதைக் காட்டும் வெள்ளணுக்களின் எண்ணிக்கை, எகிறியது.

அக்கா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். அப்புறம், "ஏத்தாம உட்டதுல எத்தனைங்க தேறுச்சு?" என்றார்.

உப்புநீர் மட்டும் ஏற்றிய காம்புகள் 20. அதில் ஒன்றுகூடக் குணமாகவில்லை. சொன்னேன்.

"அப்போ மூணு பெருசுதானுங்களே."

அந்த வித்தியாசம் தற்செயலாகவும் வந்திருக்கலாம் அக்கா, கணக்குப் போட்டுப் பார்த்தால் உறுதியாகச் சொல்ல முடியாது என்றேன். "தற்செயலா வந்தாலும் எம்மாட்டுக்கு வரட்டுமே" என்றார். கோபமாகச் சொல்லவில்லை.

எனக்கு நானே பல தடவை விளக்கம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். நாங்கள் வைத்திருந்தது மருந்து இல்லை. உடைந்த கிருமியின் மிச்சமெல்லாம் கலந்த வடிநீர். அதை ஏற்றி மடி வீங்கியிருந்தால், நன்றாகக் கறந்துகொண்டிருந்த மூன்று காம்புக்கும் யார் பொறுப்பு? ஒரு மாட்டில் குணமானாலும் ஃபேஜால்தான் ஆனது என்று சொல்லிவிட முடியாது. இதில் எதுவும் பொய்யில்லை. ஆனால் கடைசிக் காரணம் எனக்கு வேண்டிய காரணம். அக்கா தெரிந்துகொள்வதற்காகக் கேட்கவில்லை, மாட்டுக்காகக் கேட்டார். என் 'முடியாது' பாதி மாட்டைக் காப்பாற்றியது, பாதி என் ஆராய்ச்சியைக் காப்பாற்றியது. எந்தப் பாதி பெரியது என்று ஒவ்வொரு முறையும் வேறு வேறாகத் தோன்றுகிறது.

அந்தக் காம்பை வற்ற விட்டுவிட்டார்கள். ஏற்றியிருந்தாலும் அதுதான் நடந்திருக்கும் என்பதே என் கணிப்பு, பதினெட்டில் பதினைந்து குணமாகவில்லையே.

அதற்கப்புறம் கொஞ்ச காலம் தட்டின் படத்தை யாரிடமும் காட்டவில்லை. நாளாக ஆக அதுவும் சரியாகப் படவில்லை. மடிநோய்க்கு ஆன்டிபயாடிக் கொட்டுவதைக் குறைக்க வேண்டும் என்று மேடையில் பேசுகிறோம். அதற்கு மாற்றாக எதையாவது மாட்டில் சோதித்துத்தான் ஆக வேண்டும், அந்த மாடு யாராவது ஒருவருடைய மாடாகத்தான் இருக்கும். இப்போது படத்தைக் காட்டுகிறேன், ஆனால் கனடாக் கணக்கை முதலில் சொல்லிவிட்டு. போன மாதம் ஒரு தம்பி கணக்கைக் கேட்டதும் படத்தைப் பார்க்கவே வேண்டாம் என்றார். நான் சொன்ன வரிசையால்தான் அவர் வேண்டாம் என்றாரோ என்று வண்டியில் திரும்பும்போது நினைத்துக்கொண்டே வந்தேன்.