பழைய வண்டிக்கு கூலன்ட்: கலரை விடுங்க, ரேடியேட்டரைப் பாருங்க

இன்ஜின் சூட்டைத் தணிக்க ரேடியேட்டர்ல ஊத்துற கூலன்ட் பத்தி யார்கிட்ட கேட்டாலும் "உள்ள என்ன கலர் இருக்கு, பச்சையா சிவப்பா"ன்னுதான் ஆரம்பிக்கிறாங்க, எனக்கு அங்கயே மனசு கேக்க மாட்டேங்குது. கலர்ங்கறது வெறும் சாயம்ங்க, இந்த வகைன்னா இந்தக் கலர்தான்னு பொதுவா ஒரு விதியே கிடையாது, ஒருத்தன் பச்சையில பழைய வகையை விப்பான், இன்னொருத்தன் அதே பச்சையில லாங் லைஃப் விப்பான். பாட்டில் பின்னாடி பொடி எழுத்துல ஐஏடி, ஓஏடி, ஹெச்ஓஏடின்னு இருக்கும், அதத்தான் படிக்கணும்.

பெரும்பாலும் எல்லாத்துலயும் அடிப்படை எத்திலீன் கிளைக்கால்தான், வித்தியாசம் எல்லாம் அரிப்பைத் தடுக்கக் கலக்குற கெமிக்கல்ல இருக்கு. ஐஏடில சிலிகேட், பாஸ்பேட் மாதிரி உப்புங்க இருக்கும், அது உள்ள போன உடனே உலோகம் பூரா ஒரு மெல்லிசு படலம் போட்டுடும், ஆனா சீக்கிரம் தீந்துபோகும், ரெண்டு வருஷத்துக்கு ஒருதடவை மாத்தியே ஆகணும். ஓஏடி ஆர்கானிக் ஆசிட் வகை, அரிப்பு ஆரம்பிக்கிற இடத்துல மட்டும் வேலை செய்யும், அதனால 5 வருஷம் வரைக்கும் தாங்கும். ஹெச்ஓஏடி ரெண்டும் கலந்தது.

பழைய வண்டிக்கு நான் ஐஏடிதான் சொல்வேன், அஞ்சு வருஷம் தாங்குறத விட்டுட்டு ரெண்டு வருஷத்துது எதுக்குன்னு கேப்பீங்க. பழைய வண்டில ரேடியேட்டர் செம்பு பித்தளை, ஜாயின்ட் எல்லாம் ஈயப்பத்து (சால்டர்), இன்ஜின் பிளாக் வார்ப்பிரும்பு, ஹெட் சிலதுல அலுமினியம், இத்தனையும் ஒரே தண்ணில நிக்குது. ஓஏடி வந்ததே அலுமினிய ரேடியேட்டர் காலத்துல, ஈயப்பத்தைக் காப்பாத்துறதுல பல ஓஏடி கொஞ்சம் வீக்குதான். அதுபோக நிறைய ஓஏடில போடுற 2-எத்தில்ஹெக்ஸனாயிக் ஆசிட் சிலிக்கான் ரப்பர் சீலை இளக வைக்கும், ஏற்கனவே வயசான சீல் எப்ப விடும்னு இருக்கும்போது அது நமக்குத் தேவையா?

உங்களுது எந்த ரேடியேட்டர்னு கண்டுபிடிக்க காந்தம் வச்சுப் பாக்காதீங்க, பித்தளையும் ஒட்டாது அலுமினியமும் ஒட்டாது. இன்ஜின் ஆறினப்புறம் மேல் டேங்க் ஓரத்துல கருப்பு பெயின்டை லேசா சுரண்டுங்க, மஞ்சளா பளபளன்னு தெரிஞ்சா பித்தளை, டேங்க் சேர்ற இடத்துல சாம்பல் நிறத்துல ஈயம் வழிஞ்சு உறைஞ்ச தழும்பும் இருக்கும். பிளாஸ்டிக் டேங்க்கை உலோகப் பல்லு வச்சு மடக்கிப் பிடிச்சிருந்தா அது பெரும்பாலும் அலுமினிய கோர் (நடுவுல இருக்குற குழாய்-தகடு பாகம்), யாரோ நடுவுல மாத்தியிருக்காங்க. பித்தளைன்னா நான் கண்ண மூடிட்டு ஐஏடி தான் சொல்வேன். அலுமினியம் மாத்தி, கேஸ்கெட் ஹோஸ் எல்லாம் புதுசுன்னா ஹெச்ஓஏடி ஊத்தலாம்.

பெரிய டீசல், அதுவும் வெட் லைனர் (வெளிப்பக்கம் நேரா கூலன்ட் படுற சிலிண்டர் குழாய்) இன்ஜின்னா கதை வேற. லைனர் அதிர்ற அதிர்வுல குட்டி குட்டி குமிழ் உண்டாகி உடையும், அது வெளிப்பக்கத்துல ஊசி குத்தின மாதிரி ஓட்டை போட்டுடும், அதுக்குன்னே தயாரிச்ச ஹெவி டியூட்டி கூலன்ட்தான் ஊத்தணும்.

இப்ப தண்ணி. குழாத் தண்ணி வேணவே வேணாம், அதுல இருக்குற கால்சியம் பாஸ்பேட்டோட சேந்து உப்பா படிஞ்சு அடைச்சுடும், டிஸ்டில்டு வாட்டர் மட்டும். பாதிக்குப் பாதி கலந்தா -37 டிகிரி வரைக்கும் உறையாது, தண்ணி கலக்காம அப்படியே ஊத்தினா நல்லதுன்னு சிலர் நினைக்கிறாங்க, அது -13 பக்கத்துலயே உறைஞ்சுடும், சூட்டைக் கடத்துறதும் குறைஞ்சுடும்.

மாத்தும்போது ரேடியேட்டரை மட்டும் காலி பண்ணாதீங்க, பிளாக்ல தனி பிளக் இருக்கும், ஹீட்டரையும் முழுசாத் திறந்து வச்சு தெளிஞ்ச தண்ணி வர்ற வரைக்கும் கழுவுங்க, கடைசி அலசல் டிஸ்டில்டு வாட்டர்ல. எப்படிப் பண்ணாலும் உள்ள கொஞ்சம் தண்ணி தங்கும், அதனால ஏற்கனவே தண்ணி கலந்து வர்ற ரெடிமிக்ஸ் வாங்காம, தண்ணி கலக்காத கான்சன்ட்ரேட் வாங்குங்க, மேனுவல்ல சொன்ன மொத்த அளவுல சரிபாதி கான்சன்ட்ரேட்டை முதல்ல ஊத்திட்டு மிச்சத்துக்கு தண்ணி விட்டா கணக்கு சரியா வரும். புடிச்சு வச்ச பழைய கூலன்ட்டை உடனே மூடி போட்டு எடுத்து வைங்க, அது இனிக்கும், நாய் பூனை நக்கிடும், கொஞ்சம் உள்ள போனாலே கிட்னி போயிடும்.