போதும் என்பதற்கு மூன்று சொற்கள்

இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்த நான், 1981ஆம் ஆண்டில் கேரளத்தின் குளத்துப்புழைக்கு அருகே ஒரு சிறிய ரப்பர்த் தோட்டத்தில் பால் வெட்டப் பழகிக்கொண்டிருந்தேன். ஒரு நாள் விடியுமுன், தலைவிளக்கு வெளிச்சத்தில் என் கத்தி பட்டையைத் தாண்டி உள்கட்டையில் பட்டுவிட்டது. தோட்டக்காரர் அந்தக் காயத்தை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "இது அலம்பாவம்" என்றார். பொருள் தெரியாவிட்டாலும் குரல் புரிந்தது. கவனமின்மை, பொறுப்பற்ற மெத்தனம் என்று பக்கத்து வீட்டுச் சேச்சி அன்று மாலை எனக்கு விளக்கினார். தேயிலையில் கொழுந்தைத் தவறாகக் கிள்ளிவிட்டாலும் சில நாளில் செடி மறுபடி துளிர்த்துவிடும். ரப்பர் மரமோ ஏழு ஆண்டு வளர்ந்த பிறகே பால் தரத் தொடங்குகிறது, ஆழப் பட்ட காயத்தின் மேல் வளரும் பட்டை முண்டும் முடிச்சுமாகவே வளர்கிறது. அந்தச் சொல் அன்றிரவு என்னை உறங்க விடவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் தீமோத்தேயுவுக்கு எழுதின முதலாம் நிருபத்தின் ஆறாம் அதிகாரத்தை மலையாளத்தில் வாசித்தார்கள். "அலம்பாவத்தோடுகூடிய தெய்வபக்தி" பெரிய ஆதாயம் என்று காதில் விழுந்ததும் நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். எதற்காக ஏச்சு வாங்கினேனோ அதையே பவுல் அப்போஸ்தலர் புகழ்கிறாரா? வீட்டுக்கு ஓடி, தலைமன்னாரிலிருந்து கப்பலில் வந்த தகரப் பெட்டியைத் திறந்து, அம்மாவின் தமிழ் வேதாகமத்தை எடுத்துப் பார்த்தேன். "போதுமென்கிற மனதுடனே கூடிய தேவபக்தியே மிகுந்த ஆதாயம்" என்று இருந்தது. பின்னர் சபையின் முதிய உபதேசியார்தான் முடிச்சை அவிழ்த்தார். "அலம்" என்பது சமஸ்கிருதத்தில் போதும் என்பதைக் குறிக்கும் சொல். பழைய மலையாள மொழிபெயர்ப்பில் அது மனநிறைவு என்ற பொருளிலேயே நிற்கிறது. பேச்சு வழக்கில் மட்டும் நாளடைவில் மெத்தனமாகச் சரிந்துவிட்டது.

அந்தச் சரிவு தற்செயலானது என்று எனக்குத் தோன்றவில்லை. கொழுந்துக் கூடை நிறையவில்லை என்று நிறுவையில் பெயரை வெட்டி நாள்கூலியைக் குறைக்கிறவர்களின் கண்ணுக்கு, போதும் என்று நிமிர்கிறவள் எப்போதும் சோம்பேறியாகத்தான் தெரிவாள்.

போதும் என்பதற்கு மலையாளத்தில் அன்றாடம் வழங்கும் சொல் "மதி". நாங்கள் 1978இல் வந்து சேர்ந்த முதல் வாரம் அயல்வீட்டில் கஞ்சி ஊற்றியபோது, ஒவ்வொரு அகப்பைக்கும் "மதியோ?" என்று அம்மாவிடம் கேட்டார்கள். மதியம் ஆகிவிட்டதா என்று கேட்கிறார்கள் என நினைத்து, அம்மா மரியாதையாக "இன்னும் இல்லைங்க" என்று சொல்லச் சொல்ல, அவர்கள் ஊற்றிக்கொண்டே இருந்தார்கள். கடைசியில் அம்மா கிண்ணத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டதும் எல்லோரும் சேர்ந்து சிரித்தோம். தாய்நாடு என்று சொல்லி அனுப்பப்பட்ட நாட்டில் எங்கள் குடும்பம் சிரித்த முதல் சிரிப்பு அது.

அனுப்பப்பட்டோம் என்பதை அழுத்தியே எழுதுகிறேன். 1948ஆம் ஆண்டு இலங்கைக் குடியுரிமைச் சட்டம் எங்களை நாடற்றவர்கள் ஆக்கியது. 1964 அக்டோபர் 30 அன்று இலங்கை, இந்தியப் பிரதமர்கள் கையெழுத்திட்ட சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் எங்களில் 5,25,000 பேரை இந்தியா ஏற்கும் என்று எண்ணிக்கை வைத்துப் பிரித்தது. எங்கள் லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளில், ஒருவரையும் யாரும் விருப்பம் கேட்டுவிட்டு அந்தக் கணக்கைப் போடவில்லை. செங்கோட்டையிலிருந்து புனலூருக்கு ரயில் மலையேறிச் சுரங்கத்துக்குள் நுழைந்தபோது, என் தம்பி இன்னும் இலங்கை மலைநாட்டில் இருப்பதாகவே எண்ணி, இதுதான் சிங்கமலைச் சுரங்கம், வெளியே வந்தால் ஹட்டன் என்று கத்தினான். வெளியே வந்தபோது ஆரியங்காவுக் காடும் வெயிலுமாக இருந்தது.

ஆகவே மனநிறைவைப் பற்றிப் பிரசங்கிக்கிறவர்களிடம் எனக்கு ஒரு வழக்கு உண்டு. ஏழைகளை வாய்மூடச் செய்வதற்கு இந்த வசனங்களை எடுத்துக் காட்டுகிறவர்களைக் கண்டிருக்கிறேன். பவுலோ பிலிப்பியருக்குக் காவலில் இருந்தபடி எழுதுகிறார். பிறரை அடங்கியிருக்கச் சொல்லவில்லை, எந்த நிலைமையிலும் மனரம்மியமாயிருக்கத் தாம் கற்றுக்கொண்டதாகத் தம்மைப் பற்றியே சொல்கிறார். கற்றுக்கொண்டேன் என்ற அந்த வினையில்தான் என் ஆறுதல் இருக்கிறது, ஏனெனில் அது பிறவியிலேயே வாய்த்த குணமாக இருந்திருந்தால் எனக்கு வாய்த்திருக்காது. அதே மூச்சில், தமக்கு உதவி அனுப்பியது நல்லது என்று அவர்களுக்கு நன்றியும் சொல்கிறார். போதும் என்கிற மனம் நமக்கு நடந்தது நியாயம் என்று ஒப்புக்கொள்வதாகாது. அப்பா கடைசிவரை ஒவ்வோர் அலுவலகமாக ஏறி இறங்கிக் காகிதங்களுக்காகப் போராடினார். ஒவ்வோர் இரவும் முழங்காலில் நின்று, கிடைத்த நாளுக்காக ஸ்தோத்திரம் சொன்னார். இரண்டும் ஒரே மனிதரிடம் இருந்ததை நான் கண்டேன், அதைப் பார்த்தே நானும் பயின்றேன்.

இன்று என் பேரப்பிள்ளைகள் "மதி" என்று சொல்லித்தான் தட்டை நகர்த்துகிறார்கள். மலையாளத்திலேயே ஜெபிக்கவும் எனக்கு வருகிறது. காலையில் சிரட்டைகளில் பால் சொட்டும் நேரத்தில், அந்த மரங்களுக்கிடையே நின்று, ஆண்டவரே, இது போதும் என்று மனதார என்னால் சொல்ல முடிகிறது. பல ஆண்டுகள் உதட்டளவில் மட்டும் சொன்ன பிறகு, எந்த நாளில் என்று குறிப்பிட முடியாத ஒரு நாளில் அது மெய்யாயிற்று. இந்த மண் என் மண் ஆகிவிட்டது.

ஆயினும் புனலூர்ச் சந்தையில் தேயிலை வாங்கி வந்தால், பொட்டலத்தைப் பிரித்து, கண்ணை மூடி ஒரு முறை முகர்ந்து பார்க்காமல், கொதிக்கும் தண்ணீரில் போட இன்றுவரை என்னால் முடிந்ததில்லை.