பிக்சலுக்கு எத்தனை சென்டிமீட்டர்? பிளெண்டரில் ஒரு ராஜகோபுரம்

பிளெண்டர் என்ற 3டி மென்பொருளில் கட்டிவரும் கோபுரம் ஒருவழியாக நடந்து பார்க்கும் நிலைக்கு வந்துவிட்டது. அளவுக்கு ஸ்ரீரங்கத்து ராஜகோபுரத்தை எடுத்துக்கொண்டேன்: 13 நிலை, 236 அடி, அதாவது சுமார் 72 மீட்டர். தூரத்திலிருந்து கேமரா தெருவோடு வந்து, கடைசியில் வாசல் முன் நின்று அண்ணாந்து பார்க்க வேண்டும். திட்டம் இவ்வளவுதான். மூச்சு வாங்க வைப்பவை சுதைப் பொம்மைகள். எல்லாவற்றுக்கும் கண், மூக்கு, நகை என்று இறங்கினால் என் லேப்டாப்பும் தாங்காது, நானும் தாங்கமாட்டேன். அதனால் முதலில் கணக்கு.

பிளெண்டர் தானாகத் தரும் கேமராவுக்கு 50 மி.மீ. லென்ஸ், 36 மி.மீ. சென்சார். இரண்டையும் வகுத்தால் 0.72. ஆக, 100 மீட்டர் தள்ளி ஃபிரேமின் அகலத்துக்குள் 72 மீட்டர் அடங்கும். படத்தின் அகலம் 1920 பிக்சல் என்பதால், அந்தத் தூரத்தில் ஒரு பிக்சல் 3.75 செ.மீ. தூரம் இரட்டித்தால் இதுவும் இரட்டிக்கும். நல்ல பார்வையுள்ள கண்ணால் பாகையில் அறுபதில் ஒரு பங்கு வரை பிரித்தறிய முடியும். 100 மீட்டரில் அது ஏறக்குறைய 3 செ.மீ. கேமரா நம் கண்ணைவிடக் கொஞ்சம்தான் மட்டம்.

இதை வைத்துக்கொண்டு பார்த்தால் வேலை பாதியாகிறது. 720 மீட்டரில் ஒரு பிக்சல் 27 செ.மீ.; ஆள் உயரப் பொம்மைக்கு ஆறு பிக்சல் கிடைத்தால் அதிகம். ஃபிரேமின் உயரம் அகலத்தைவிடக் குறைவு என்பதால், முழுக் கோபுரமும் அதில் கச்சிதமாக அடங்குவது சுமார் 180 மீட்டரில். அங்கேயும் ஒரு பிக்சல் 6.75 செ.மீ. முகம் மூன்று நான்கு பிக்சல், கண்ணுக்கு ஒன்றுகூட மிஞ்சாது. எனவே ஒவ்வொரு பொம்மைக்கும் மூன்று வடிவங்கள் வைத்தேன்: தூரத்துக்கு வண்ணம் பூசிய கட்டை, நடுவுக்கு கைகால் மட்டும், கிட்டத்துக்கு முழுசு. கேம் செய்பவர்கள் எல்.ஓ.டி. (level of detail, தூரத்துக்கேற்ற நுணுக்கம்) என்பது இதுதான். கணினி வரைகலை ஆய்வாளர் ஜேம்ஸ் கிளார்க் 1976-லேயே இந்த யோசனையை எழுதிவிட்டார். அதற்கும் முன்னால் லியோனார்டோ டா வின்சி, தூரத்தில் அளவு குறைவது மட்டும் பர்ஸ்பெக்டிவ் அல்ல, நிறமும் தெளிவும் குறைவதும் அதில் சேர்த்தி என்று குறித்துவைத்திருக்கிறார்.

நுணுக்கத்தை அளவுக்கு மேல் விட்டுவைத்தால் என்ன, ரெண்டருக்கு (மாடலைப் படமாக்கும் கணக்குக்கு) நேரம்தானே பிடிக்கும் என்று கேட்கலாம். கேமரா நகரும்போது தெரிந்துவிடும். ஒரு பிக்சலுக்குள் நாலைந்து நிறங்கள் முட்டிக்கொண்டால், சாம்பிள் (ஒரு பிக்சலுக்குள் நிறம் பார்க்கும் தடவைகள்) குறைவாக வைத்த ரெண்டரில் ஃபிரேமுக்கு ஃபிரேம் வேறு வேறு நிறம் ஜெயிக்கும், கோபுரமே மினுமினுக்கும். முழுப் பொம்மைகளை அப்படியே தூரத்தில் நிறுத்தியும் ஓட்டிப் பார்த்தேன், சகிக்கவில்லை. சராசரி நிறம் பூசிய கட்டைதான் அமைதியாக நின்றது. டெக்ஸ்சருக்கு, அதாவது பரப்பில் ஒட்டும் படத்துக்கு, இதே வேலையைச் செய்வது மிப்மேப் என்ற முன்கூட்டியே சிறிதாக்கி வைத்த பிரதிகள்; லான்ஸ் வில்லியம்ஸ் 1983-ல் தந்தது.

அப்புறம், வெளிவிளிம்பு. டெசிமேட் மாடிஃபையர் என்ற கருவியால் பொம்மைகளின் நுணுக்கத்தைப் பத்தில் ஒரு பங்காக்கினாலும் உள்ளே யாருக்கும் தெரிவதில்லை. உச்சிக் கலசங்களுக்கு அதையே செய்தால் உடனே கண்ணில் படுகிறது. பின்னால் வெளிச்சமான வானம். ஒரு பிக்சல் கோணினாலும் காட்டிக்கொடுக்கும். வானத்தைத் தொடும் ஓரங்களில் கை வைக்கவில்லை, நடுப்பகுதியில் தாராளமாக வெட்டினேன்.

ரொம்பப் பிடித்தது வாசல் காட்சி. கேமராவுக்கும் அடி நிலைக்கும் 30 மீட்டர். அங்கிருந்து உச்சிக்கு கிட்டத்தட்ட 78 மீட்டர். ஒரே கோபுரத்துக்குள் இரண்டரை மடங்குக்கு மேல் வித்தியாசம்! அதனால் எந்த வடிவம் தெரிய வேண்டும் என்பதை மொத்தக் கோபுரத்துக்கும் சேர்த்து முடிவு செய்யாமல், நிலைவாரியாகப் பிரித்துவிட்டேன். நிலைகளும் மேலே போகப் போகச் சிறுத்துக்கொண்டே போவதால், பர்ஸ்பெக்டிவோடு சேர்ந்து உயரம் இன்னும் கூடினாற்போல் இருக்கிறது. கீழிருந்து பார்க்கையில் மேல்நிலைப் பொம்மைகளின் காலைக் கொடுங்கைகளே (வெளியே நீளும் கூரை விளிம்புகளே) மறைத்துவிடுகின்றன. கடைசியில் முகம் முழுசாக முடிக்க வேண்டியிருந்தது முதல் நாலு நிலைக்குத்தான்.

இப்போது நிழலில் நிற்கிறேன். சூரியன் 15 பாகை உயரத்தில் இருந்தால் கோபுர நிழல் 270 மீட்டர் நீளும். தூரத்துக் கட்டைப் பொம்மைகளின் நிழல் கேமராவின் காலடியில் வந்து விழுந்து குட்டை உடைக்குமோ என்று சந்தேகம். ஆனால் சூரியன் புள்ளி அல்ல, அரைப் பாகை அகலமுள்ள வட்டம். உச்சியின் நிழல் தரைக்கு வருவதற்குள் அதன் ஓரம் இரண்டரை மீட்டருக்கு மேல் கலங்கிவிடுகிறது. சன் லைட்டின் கோணத்தை 0.53 பாகையில் வைத்ததும் கலசங்களே நிழலில் காணாமல் போயின. கோணத்தைச் சுழியமாக்கினால் கத்தரித்த மாதிரி ஓரம், பார்த்தாலே போலி என்று தெரிகிறது. அடுத்தது அடிநிலை நிழல். அங்கே தூரம் குறைவு, கலக்கமும் குறைவு, யாளிகளின் வாயை இன்னும் கொஞ்சம் செதுக்க வேண்டியிருக்கும்.