கெப்பாலா பத்தாஸ் வாய்க்காலில் தூண்டில் பழகிய இரண்டு நாள்

கோலாலம்பூரிலிருந்து பினாங்குக்குப் போய் வந்தேன் என்றால் எல்லோரும் ஜார்ஜ் டவுனையும் கொடிமலையையும்தான் விசாரிக்கிறார்கள். நான் தீவுப் பக்கமே போகவில்லை. பினாங்கு மாநிலத்தின் பெருநிலப் பகுதியான செபராங் பிறையில், கெப்பாலா பத்தாஸை அடுத்த வயல்வெளியில், மலாய்க்காரர்கள் பாரிட் என்று சொல்லும் வாய்க்கால்களின் கரையில் இரண்டு நாள் குந்தியிருந்து தூண்டில் போடப் பழகிவிட்டு வந்திருக்கிறேன். போகிறவர்களுக்கு உதவும்படி வழி, செலவு, சாமான் என்று வரிசையாக எழுதத்தான் நினைத்தேன். ஆனால் பேருந்தைப் பற்றிச் சொல்லாமல் என்னால் மேலே நகர முடியாது.

அங்கே போக இறங்க வேண்டிய பட்டர்வொர்த்துக்கு இ.டி.எஸ். என்னும் மின்சார ரயிலில் ஏறக்குறைய நாலரை மணி நேரத்தில் போய்விடலாம். வார இறுதி என்பதால் இருக்கை தீர்ந்துவிட்டது. 45 வெள்ளி (மலேசிய ரிங்கிட்) கொடுத்து நான் ஏறிய விரைவுப் பேருந்து, இரவு 11 மணிக்குப் புறப்பட வேண்டியது, 12.40க்குத்தான் நிலையத்திலேயே தென்பட்டது. தூண்டில் பையைப் பார்த்த ஓட்டுநர், அது நீளச் சாமான் என்று சொல்லித் தனியாக 10 வெள்ளி வாங்கிக்கொண்டார். ரசீது கேட்டதற்குச் சிரித்தார். குளிர்சாதனத்திலிருந்து சொட்டிய நீர் தைப்பிங் வரைக்கும் என் இடது தோளிலும், நான் ஒடுங்கி உட்கார்ந்த பிறகு மடியிலும் விழுந்துகொண்டிருந்தது. விடியற்காலையில் இறங்கியவனிடம் ஒரு டாக்சிக்காரர், அரை மணி நேரப் பயணத்துக்கு 70 வெள்ளி கேட்டார். தூக்கக் கலக்கத்தில் கொடுத்துத் தொலைத்தேன். அதில் பாதிகூட ஆகாது என்று நண்பனின் மாமா பிற்பாடு சொன்னபோது வயிறு எரிந்தது.

லாரி ஓட்டி ஓய்வு பெற்ற அந்த மாமா, நான் 180 வெள்ளிக்கு வாங்கி வந்திருந்த கோலையும் சுருளையும் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது ஏரிக்கு நல்லது தம்பி, இங்க கரைக்குக் கரை பத்தடிதான்" என்று சொல்லி, கூரையில் செருகியிருந்த மூங்கில் கோலை உருவிக் கொடுத்தார். புதிதாகப் பழகுகிறவர்களுக்கு நான் சொல்லக்கூடியதும் இதுதான்: மூங்கில் கோல், அதே நீளத்துக்கு மெல்லிய நரம்பு, ஒரு மிதவை, ஒரு துளி ஈயம், 8 அல்லது 10ஆம் எண் முள், ஒரு டப்பா மண்புழு. எண் கூடக் கூட முள் சிறிதாகும் என்பதுகூடத் தெரியாமல் கடையில் நான் நேர்மாறாக வாங்கியிருந்தேன். மிதவையின் நுனி மட்டும் நீருக்கு மேலே தெரியும்படி ஈயத்தைக் கிள்ளிச் சேர்க்க வேண்டும். மிதவை முழுதாக நின்றால் சிறு மீன் புழுவைத் தின்றுவிட்டுப் போவதே தெரியாது. முதல் ஒரு மணி நேரம் எனக்கு நடந்தது அதுவே. இன்னொன்று, நிழல். கிழக்குக் கரையில் காலையில் எழுந்து நின்றேன். என் நிழல் வாய்க்காலின் குறுக்கே விழுந்தது. அங்கிருந்த மீன் எல்லாம் எங்கே போயிற்றோ தெரியாது. மாமா எதிர்க்கரைக்குப் போகச் சொல்லி, குந்தவும் சொன்னார்.

மிதவை இருமுறை நடுங்கி, சாய்ந்து, பக்கவாட்டில் இழுபட்டது. வந்தது புயு, அதாவது பனையேறிக் கெண்டை. உள்ளங்கை அளவுதான். முள்ளைக் கழற்றுகையில் அது செவுள் மூடியை விரித்துக் கொடுத்த கீறல் விரலில் இன்னும் இருக்கிறது. அதை ஈரத் துணியால் தலைப்பக்கமிருந்து தடவிப் பிடிக்க வேண்டுமாம். பொழுது சாய்ந்ததும் கெளுத்தி கடிக்கத் தொடங்கியது. அதன் பக்கத் துடுப்பு முள் குத்தினால் இரவெல்லாம் கடுக்கும் என்பதால் மாமாவே கழற்றினார். வாய்க்காலில் காலை வைக்காதே என்று அவர் ஓயாமல் சொன்னதற்கும் காரணம் உண்டு: எலிச் சிறுநீரால் வரும் காய்ச்சல் காலில் உள்ள சின்ன வெட்டு வழியாகவே உடம்பில் ஏறிவிடும். வயலுக்கு மருந்து அடித்த வாரத்தில் மீனைப் பிடித்தாலும் சமைக்கக் கூடாது.

இரண்டாம் நாள் விடியலில்தான் விரால். மலாய்க்காரர்கள் ஹாருவான் என்கிற இதற்கு ரப்பர் தவளையைப் புல்லோரத்தில் எறிந்து விட்டு விட்டு இழுக்க வேண்டும். இங்கே மட்டும் என் 180 வெள்ளிக் கோல் தன் விலைக்குக் கொஞ்சம் நியாயம் செய்தது. நீர் வெடித்ததும் உடனே வெட்டி இழுத்தேன். தவளை மட்டும் என் முகத்துக்கு நேரே பறந்து வந்தது. ஒன்று, இரண்டு என்று எண்ணிவிட்டு இழுக்க வேண்டும் என்பது மூன்றாம் தடவைதான் கைக்குப் புரிந்தது. ஒரு கிலோவுக்குச் சற்றுக் கூடுதலாக ஒன்று ஏறியது.

சற்றுத் தள்ளி நீரின் மேல் செந்நிறத்தில் ஒரு தட்டு அளவுக்குக் குஞ்சுகள் கொதித்துக்கொண்டிருந்தன. அவற்றுக்கு அடியில் தாயும் தகப்பனும் காவல் இருக்கும். குஞ்சுக்கூட்டத்தின் நடுவே எதை எறிந்தாலும் பாய்ந்து கடிக்கும். அதைச் சாமர்த்தியம் என்று சிலர் பெருமையாகப் படம் எடுத்துப் போடுகிறார்கள். எனக்கு அது கேவலமாகத்தான் படுகிறது; காவல் போன குஞ்சுகளை மற்ற மீன்கள் தின்று தீர்த்துவிடும்.

காலைப் பசியாறலுக்குப் போன ஒட்டுக்கடையில் உள்ளூர்த் தூண்டில் கழகத்தார் ஏழெட்டுப் பேர் கூடியிருந்தார்கள், அங்கேயும் இதே பேச்சுத்தான். அடுத்த போட்டியில் குஞ்சோடு இருக்கும் விராலைப் பிடித்தவரின் மீன் எடைக்கு ஏறாது என்று முடிவு செய்திருக்கிறார்கள். அறுவடைக்காக வாய்க்கால் நீரை அடைக்கப் போவதால் போட்டியையும் தள்ளி வைத்துவிட்டார்கள். மறுபடி நீர் திறந்து வயல் நிரம்பிய பிறகுதான் நாள் குறிப்பார்களாம். நீர் வற்றும் நாட்களில் மீன் குட்டைகளில் ஒதுங்குவதால் இரவில் பேட்டரியோடு வந்து மின்சாரம் பாய்ச்சி வாரிக்கொண்டு போகிறவர்கள்மேல்தான் எல்லோருக்கும் கோபம். 1985ஆம் ஆண்டு மீன்வளச் சட்டமே அதைத் தடை செய்கிறது. ஆனால் இரவு இரண்டு மணிக்கு வயலில் யார் நின்று பார்ப்பது என்று ஒரு பெரியவர் கேட்டார். ஒருவருக்கும் பதில் வரவில்லை.

பினாங்கு மாநிலத்துக்கு வந்தும் சோற்றில் பலவகைக் குழம்பு ஊற்றித் தரும் நாசி கண்டார் சாப்பிடவில்லை. அதற்காக வருந்தவும் இல்லை. அத்தை அந்த விராலைக் கல்லுப்பும் புளியும் போட்டு, வழவழப்புப் போகும்வரை மூன்று தண்ணீரில் தேய்த்துக் கழுவி, துண்டம் துண்டமாகப் போட்டு, மாங்காய் சேர்த்துப் புளிக்குழம்பு வைத்தார். தலைப்பகுதி எனக்கு வந்தது. அறுவைச் சிகிச்சை செய்தவர்களுக்கும் பிள்ளை பெற்றவர்களுக்கும் புண் ஆற இந்த மீனைத்தான் கொடுப்பார்கள் என்று சொல்லிக்கொண்டே இன்னொரு கரண்டி ஊற்றினார். பேருந்தில் நனைந்த தோளும் டாக்சிக்காரரின் 70 வெள்ளியும் அந்த நேரத்துக்கு மறந்தே போயின.

கழகத்தில் நுழைவுக் கட்டணம் 20 வெள்ளி கட்டிப் பெயர் கொடுத்துவிட்டேன். போட்டி நாள் தெரிந்த அன்றே ரயில் சீட்டு எடுத்துவிடுவேன். மூங்கில் கோலை மாமா கூரையிலேயே செருகி வைத்திருக்கிறார்.